கத்தரிச் செம்பேனும் வெள்ளத்தாய் அக்கா வேலியும்

இன்னைக்கு மார்க்கெட்ல கத்தரிக்கா வாங்கப் போனேன்...

ஒரு காய்ல இலை ஒட்டியிருந்துச்சு. எடுத்து, திருப்பி, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டேன்.

கடைக்காரரு, "என்ன பாய், காய விட்டுட்டு இலைய வாங்குறீங்க?"ன்னாரு.

பழைய பழக்கம் விடல! அந்தப் பழக்கம் வந்த கதைய இன்னைக்குச் சொல்லிடுறேன்.

1960-கள். எனக்கு இருபத்தோரு வயசு. அத்தாவுக்குத் தோல் வியாபாரம். அந்த வாடை புடிக்காம நான் வேளாண்மை ஆபீஸ்ல டெம்பரரி வேலைக்குப் போயிட்டேன்.

என்ன வேலை? இலை பொறுக்குற வேலை! (அத்தா இதச் சொல்லியே ரெண்டு வருஷம் சிரிச்சாரு.)

கத்தரியில செம்பேன் விழுந்திருந்துச்சு. கண்ணுக்கு ஊசிமுனை அளவுதான், சாற உறிஞ்சி இலையவே வெளுக்க வச்சிரும். பயிர் இல்லாத காலத்துல அது எந்தக் காட்டுச் செடில தங்குதுன்னு கண்டுபுடிக்கணும்.

எனக்குக் குடுத்த எடம் அகரம். வெள்ளத்தாய் அக்காவோட கத்தரிக்காடு. புருஷன் இல்ல, அந்த அரை ஏக்கர்தான் சோறு.

காட்டச் சுத்தி கிளுவை வேலி. ஆளு உயரம், கோழி நுழையாது, அம்புட்டு நெருக்கம்.

கத்தரி, வரப்புல இருந்த துத்தி, குப்பைமேனி, வேலிக் கிளுவை எல்லாத்துலயும் இலை பறிச்சேன். லென்ஸ வச்சுப் பாத்தேன். கத்தரியில பேன் நெறைய. கிளுவையில ஒண்ணுகூட இல்ல.

ஒவ்வொண்ணையும் நியூஸ் பேப்பர்ல மடிச்சு, எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையில போட்டு, வாடாம இருக்க ஈரத்துணி வச்சு, சைக்கிள்ல ஆபீஸ் வந்து சேந்தேன். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்பிடித்தான் கொண்டு வருவோம்.

மைக்ராஸ்கோப்ல வச்சா, கிளுவையில செம்பேன் ஜாலியா நடந்து போகுது!

காட்டுல இல்ல. ஆபீஸ்ல இருக்கு. எப்பிடி?!

வெயில்ல கண்ணு கூசியிருக்கும்னு மறுவாரம் திரும்பப் போனேன். இந்தத் தடவ அக்காகிட்டயும் லென்ஸக் குடுத்தேன்.

"ஒண்ணும் இல்லையே அப்பு. இலைதான் பெருசாத் தெரியுது."

ஆபீஸ் வந்து பாத்தா, மறுபடியும் பேன்! கண்ணு போச்சா, புத்தி போச்சான்னே தெரியல.

ஆபீசர் சார்கிட்ட கேட்டேன். "கண்ண நம்பாதீங்க தம்பி, மைக்ராஸ்கோப்ப நம்புங்க"ன்னாரு.

நம்பினேன்.

"வேலியில பேன் தங்குது, வெட்டவும்"னு ஒரு பேப்பர் அடிச்சுக் குடுத்தாங்க. அத எடுத்துட்டுப் போய் குடுத்தது நான்தான்.

அக்கா பேப்பரப் பாக்கல, என் மூஞ்சியப் பாத்துச்சு.

"பன்னெண்டு வருஷ வேலி அப்பு. வெட்டித்தான் ஆகணுமா? நீ உன் கண்ணால பாத்தியா?"

"மைக்ராஸ்கோப்ல பாத்தேங்க்கா."

காட்டுல ரெண்டு தடவ பாத்தும் ஒண்ணும் தெரியலன்னு நான் சொல்லல. சொல்லியிருக்கணும். இன்னும் உறுத்துது.

அன்னைக்கும் இலை பறிச்சுக்கிட்டுத் திரும்புனேன். வழியில பஸ் ஸ்டாண்டு கடையில அம்மாவுக்கு ஒரு கட்டு வெத்தல வாங்கி அதே பையில சொருகுனேன். கடைக்காரரு கழுவி, தொடச்சு, கட்டிக் குடுத்த வெத்தல!

ஆபீஸ்ல பையக் கொட்டுனா வெத்தலக் கட்டும் சேந்து விழுந்துச்சு. எடுத்து ஓரமா வைக்கப் போனவன், சும்மா ஒரு வெத்தலய மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சேன்.

செம்பேன். நாலு.

ஆபீசர் சாரக் கூப்பிட்டேன். குனிஞ்சு பாத்தவருக்கு ஒரே சந்தோஷம்.

"புதுச் செடியா இருக்கே! எந்தக் காட்டுல எடுத்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டு வெத்தலக் கடையில சார்."

சார் மறுபடியும் குனிஞ்சு பாத்தாரு.

அப்புறம்தான் உறைச்சுச்சு. பறிச்ச கத்தரி இலை பைக்குள்ளயே வாட வாட, அதுல இருந்த பேனெல்லாம் எறங்கி, பச்சையா எது கெடச்சாலும் ஏறியிருக்கு. கிளுவைக்குப் பேனக் கொண்டு வந்தது என் மஞ்சப்பைதான்!

"வேலிய வெட்ட வேணாம்னு போய்ச் சொல்லுங்க"ன்னாரு சார்.

ஆனா பொழுது சாஞ்சிருச்சு. விடிஞ்சதும் சைக்கிள மிதிச்சேன். அகரம் போற வரைக்கும் ஒரே வேண்டுதல்தான், அக்கா இன்னும் அருவாளத் தொட்டிருக்கக் கூடாதுன்னு.

போய்ச் சேந்தா, மேக்கால வேலி முழுக்கத் தரையில கெடக்கு.

அக்கா காட்டு நடுவுல ஒக்காந்திருக்கு. சுத்தி ஒரு கத்தரிச் செடியில இலை இல்ல, காய் இல்ல. வெறும் குச்சி.

நான் எல்லாத்தையும் சொன்னேன். பை, பேப்பர், வெத்தல, ஒண்ணும் மறைக்கல. சொல்லும்போதே அழுதுட்டேன்.

அக்கா கேட்டுட்டு நிதானமாச் சொல்லுச்சு:

"பேன் இருக்குன்ன, வேலிய வெட்டுனேன். வேலி போச்சு, ராத்திரி ஆடு பூந்துருச்சு. இப்ப செடியில ஒத்தப் பேன் இல்ல அப்பு. மருந்து நல்லா வேலை செஞ்சுச்சுன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிரு."

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்!

அப்புறம் எந்திரிச்சு ஒரு கடப்பாறைய எடுத்து என் கையில குடுத்துச்சு. கிளுவைக் கம்ப வெட்டி ஊணுனா துளுத்துரும். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் குழி போட, அக்கா கம்பு ஊணுச்சு. மத்தியானம் ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்துச்சு.

மறுநாள் ஆபீஸ்ல அந்த மாச ரிப்போர்ட்ட நெரப்ப ஒக்காந்தேன்.

கத்தரியில செம்பேன்: இல்லை.

பேன் நீங்கியதற்குக் காரணம்: ______

அந்தக் கோட்டையே அரைமணி நேரம் பாத்துட்டு, கடைசில "நான்"னு எழுதிக் குடுத்துட்டேன்.

நீங்களா இருந்தா என்ன எழுதியிருப்பீங்க?