அண்ணாச்சிக்குப் பதில் ஆறுமுகம்

மூத்திரப்பைப் புற்றுநோய் டாக்டரின் பிழைப்பு சம்பந்தி வீடு மாதிரி: கல்யாணத்தோடு முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுவீடு உண்டு. கட்டியை எடுத்தாலும் மறுபடி முளைக்கும். குழாய்விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு காத்துக் கிடந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! திருவனந்தபுரத்தில் நான் கத்தி பிடித்த காலத்துக் கதை இது. கொஞ்சம் மிளகாய் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்சரக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஆரியசாலைக் கடைவீதி மிளகாய் மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். திருநெல்வேலிக்காரர்; அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். மூத்திரத்தில் ரத்தம், வலி கிடையாது, வாயில் ஓயாத பீடி. மறுநாள் காலை மூத்திரம் பிடித்து வரச் சொன்னேன். வந்தது பளிங்கு மாதிரி. ரத்தம் பொட்டும் இல்லை, சர்க்கரை மட்டும் ஏராளம். சிஸ்டர் லீலாம்மா அண்ணாச்சியின் விரலைக் குத்திப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை அளவோடுதான் இருந்தது. “சாரே, இது இயாளுடேது அல்ல” என்றார்; இவருடையது இல்லையாம்.

விசாரித்தேன். கம்போளச் சந்தையில் வாங்க வருகிறவனிடம் மூட்டையில் நல்ல மிளகாயைத்தானே எடுத்து நீட்டுவார்கள்? சிவப்பாகக் கெட்டுக் கிடப்பதை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று, கணக்கப்பிள்ளை ஆறுமுகத்தினுடையதைப் பிடித்து வந்திருக்கிறார். அகப்பட்டதற்கு வெட்கப்படவில்லை, கவலைதான் பட்டார்: “அப்போ சுகர் நம்ம ஆறுமுகத்துக்கா, டாக்டரே?”

ஆள் வந்தது

குழாய்விட்டுப் பார்த்ததில் சுண்டைக்காய் அளவு கட்டி. சுரண்டி எடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தார்; சுத்தம். அடுத்த முறை அவர் வரவில்லை. ஆறுமுகம் வந்து, லீலாம்மா தடுப்பதற்குள் பரிசோதனை மேஜையில் ஏறிப் படுத்துவிட்டார். சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ், துஷ்டி கேட்கும் சாவு வீடு, எங்கேயும் அண்ணாச்சிக்குப் பதிலாகப் போகிறவர் அவர்தான். “முதலாளிக்கு இப்போ ஒண்ணுமில்ல சார், அவரு பேருக்கு என்னையப் பாத்து எழுதிரச் சொன்னாரு.”

வண்டு

அண்ணாச்சியே வர வேண்டும் என்று கடிதம் போட்டேன். ஒரு வருஷம் ஓடிற்று. கடைசியில் நானே கிடங்குக்குப் போய், நூற்றுப் பதினேழு தும்மலுக்கு நடுவே (எண்ணினேன்) கேட்டேன்: “வண்டு விழுந்த மூட்டைக்கு வலிக்குமா, அண்ணாச்சி? நீங்கதானே பிரிச்சுப் பாக்கணும்?”

மறுநாளே வந்தார். ஆனால் கட்டி தசைக்குள் வேர் விட்டிருந்தது. மூத்திரப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு வழி வைத்து, வெளியே ஒரு பிளாஸ்டிக் பை ஒட்ட வேண்டும். எடுக்காவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “அதை வச்சுக்கிட்டு கடையில உக்காந்தா எவன் வருவான், டாக்டரே?”

கையெழுத்து

ஒட்டிப் பழகட்டும் என்று ஒரு பையில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். அது ஒரு நாள் முழுக்கக் கடையில்தான் இருந்தது, ஆறுமுகத்தின் வயிற்றில்! வந்த வியாபாரிகளில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தெம்பில் அண்ணாச்சி ஆபரேஷனுக்குச் சரி என்றார்.

லீலாம்மா சம்மதப் பத்திரத்தை நீட்டினார். பழக்கதோஷம், அண்ணாச்சி அதை அப்படியே ஆறுமுகம் பக்கம் தள்ளினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பித் தள்ளினார்: “இது ஒண்ணுக்கு மட்டும் நான் வர முடியாது, முதலாளி.”

அதன்பின் பத்து வருஷம் அண்ணாச்சி கடையில் ஜோராக உட்கார்ந்திருந்தார் என்றாலும், ஆள் அனுப்பி முடிக்க முடியாத காரியமும் உண்டு என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு மூத்திரப்பை செலவாயிற்று.