என்னிடம் மட்டும் சிணுங்கியவள்

இரண்டரை வயதில் என் மகள் ஊருக்கெல்லாம் தங்கம், எனக்கு மட்டும் நச்சு. உப்பளத்திலிருந்து நான் வருவது தெரிந்தாலே ஆரம்பித்துவிடுவாள். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. மூக்கால் இழுக்கிற ஒரு "ம்ம்ம்". பால் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று எதைக் கேட்டாலும் அதே "ம்ம்ம்". அதுவரைக்கும் பக்கத்து வாசலில் என் ஓரகத்தியோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள்தான்.

ஓரகத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்பேன். ஒரே மனையில் அவர்களுக்கு ஒரு வீடு, எங்களுக்கு ஒரு வீடு. விடிவதற்கு முன் நான் வேலைக்குக் கிளம்பினால் பதினொரு மணி வரை பிள்ளை அவரிடம்தான். உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் வந்து நின்றதும், "இவ்ளோ நேரம் சத்தமே இல்ல, உன்னப் பாத்தாத்தான் ஆரம்பிக்கிறா" என்பார். சாதாரணமாகத்தான் சொல்வார். எனக்கு வயிறு எரியும். பள்ளிக்கூடம் போகிற பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அது போதாதா இவருக்கு? எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

உப்புக் கூடையைத் தலையில் சுமந்தால் அதிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் கழுத்து, முதுகு, ரவிக்கை எல்லாம் வழிந்து காயும். அந்த உடம்போடு தூக்கினால் பிள்ளைக்கு அரித்துச் சிவந்துவிடும். அதனால் உப்பளத்து வேலைக்குப் போகிற அம்மாக்கள் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவோம். நானும் ஓடிவருகிறவளைக் கையை நீட்டித் தடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் குளிக்கப் போய்விடுவேன். கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் நிற்காது. வந்ததும் வாயடைக்கப் போனில் பொம்மைப் படம் போட்டுக் கொடுப்பேன். இல்லையென்றால் பிஸ்கட். அதுவும் நடக்காவிட்டால் ஒரு அடி.

அக்காவின் கண்தான் பட்டுவிட்டது என்று ஒருநாள் முடிவே கட்டினேன். வாரிய உப்பில் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்துவந்து, மிளகாயோடு சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி வெந்நீர் அடுப்பில் போட்டேன். அன்றைக்கு வாரிய பச்சை உப்பு, ஈரம் சொட்டியது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. மிளகாய்ப் புகைதான் கிளம்பியது. பிள்ளை இருமிக்கொண்டே ஓடி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் தூறல் விழுந்ததால் எட்டு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டை நெருங்கும்போது அக்கா வீட்டுப் பின்பக்கத்திலிருந்து அதே "ம்ம்ம்" கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரிடமும் சிணுங்குகிறாளே. ஓலைத் தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுப் பிள்ளைக்கு எதிரில் திரும்பி உட்கார்ந்தார். மீன் கை என்பதால் அவரும் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்து, "அழுதுகினே சொன்னா பெரிம்மாக்குப் புரியலயே. வாயத் தொறந்து சொல்லு, இங்கியே இருக்கேன்" என்றார். அப்புறம் பேசவில்லை. சும்மா இருந்தார். பிள்ளை மூக்கை உறிஞ்சினாள், காலை மாற்றி நின்றாள், பிறகு "பூனைக்கு மீனு" என்றாள். ஒரு மீன் தலை பூனைக்குப் போனது. அவ்வளவுதான் விஷயம். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று அவர்மேல்தான் கோபம் வந்தது.

அவரிடம் சொல்லாமல் அதைத் திருடிக்கொண்டேன். மறுநாள் முதல் குளிக்கப் போகுமுன் வாசலிலேயே குந்தி, எட்ட இருந்தே அவள் முகத்தைப் பார்த்தேன். அழாமல் நன்றாகக் கேட்டால் எது கேட்டாலும் அம்மா தருவேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். உடம்பெல்லாம் அரிக்கும்போது காத்திருப்பது லேசில்லை. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் "தண்ணி" என்றாள். சொம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வேலை இல்லை. காலையிலிருந்து பிள்ளை என்னோடுதான். தலை வாரி, பொட்டு வைத்து, தோசை ஊட்டினேன். ஒரு சிணுங்கல் இல்லை. அக்கா தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றே பிள்ளையை எங்கள் வாசலில் விளையாட வைத்தேன்.

விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். முகத்தை நேராகப் பார்த்தாள். இழுவை இல்லை, கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அம்மா, நானு பெரிம்மாகிட்ட போவணும்."

அக்காவின் முறம் நின்றது. காதில் விழாததுபோல் தலையைக் குனிந்துகொண்டார், அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அழுதிருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். அவள் அழவில்லை. பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போம்மா" என்றேன்.