மஞ்சள் பூசிய சர்வே கல்

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் என் பருத்திப் புஞ்சைக்குள் வண்டி போக ஒரே வழி, அதன் மேற்கு ஓரத்துப் பாதைதான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பாதைமீது பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு ஆசை வந்தது. முதலில் வருஷத்துக்கு ஒரு சால் கூடுதலாக உழுது பார்த்தார். அந்த வேகம் அவருக்குப் போதவில்லை. ஒரு மழைக்காலத்தில் கரிசல் இளகிக் கிடந்தபோது, எல்லையில் நின்ற சர்வே கல்லையே பிடுங்கி என் பக்கம் ஆறடி தள்ளி நட்டுவிட்டார்.

திருடுவதிலும் ஒரு சுத்தம் வேண்டும். கோடையில் மண் வெடித்ததும், கல் முன்பு நின்ற குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

நிலத்தை அளக்க மனுக் கொடுத்தேன். அதைக் கேள்விப்பட்ட மறுநாளே அவர் கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, சேவலும் அறுத்துவிட்டார். எல்லைச்சாமி கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாம். அதுவரை கோயில் வாசலைக்கூட மிதிக்காத மனிதர்.

சர்வேயர் வந்து, படத்தை விரித்து, சங்கிலி போட்டு அளந்தார். கல் ஆறடி கிழக்கே நகர்ந்திருப்பதாக எல்லோர் முன்னிலும் சொன்னார். சொன்னவர் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"பிடுங்குதவன் பிடுங்கிக்கிடட்டும். கைகால் விளங்காமப் போனா என்னைக் கேக்கக் கூடாது" என்றார் பக்கத்துப் புஞ்சைக்காரர்.

"ஆறடி நடந்து வந்த சாமிக்குத் திரும்பி நடக்கத் தெரியாதா, அண்ணாச்சி?" என்றேன்.

கல் நட வந்திருந்த கூலியாட்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை. நானே எடுத்தேன். என் மனைவி வந்து பிடுங்கிக்கொண்டாள். "உங்களுக்குப் பாதை பெருசா, பிள்ளைக பெருசா?"

சரியான இடத்தில் சர்வேயர் புதுக் கல் நட்டார். பழையதை அப்படியே விட்டுவிட்டார். சட்டப்படி பாதை எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் சாமிமேல் சக்கரம் பட்டுவிடும் என்று எந்த வண்டிக்காரரும் அதில் இறங்குவதில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரரும் அதில் உழுவதில்லை. தான் நட்டதற்குத் தானே பயந்து, ஏரைத் தள்ளியே திருப்புகிறார். பாதை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. நாங்கள் பருத்தி மூட்டைகளைத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோகிறோம்.