வயிற்று வலி என்று சொன்ன வருடம்

எனக்கு எண்பது வயது ஆகிறது. வளர்த்தது நாலு பேர். மூன்று கொழுந்தனார் பிள்ளைகள், ஒன்று நான் பெற்றது. அதற்கு முன்னால் பெற்ற ஒன்று மூச்சு விடாமலே போய்விட்டது. இந்தப் பேச்சு அந்தப் பிரசவத்தில் ஆரம்பிக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். நேரம் ஆகட்டும், அடுத்தவர் கையால் எழுதவைக்க எனக்கு மனசில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த சமயம். கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற வழியில் எங்கள் ஊர். தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தேன். வலி கண்டு நாள் கணக்காகக் கிடந்தேன். குழந்தை இறந்து பிறந்தது. அழுது முடிப்பதற்குள் பாய் நனைய ஆரம்பித்தது.

முதலில் வியர்வை என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, மூத்திரம். முட்டுவதும் இல்லை, வருவதும் தெரிவதில்லை. நின்றால், உட்கார்ந்தால், படுத்தால் அது பாட்டுக்கு ஒழுகியது.

மாட்டுக்கொட்டகையை ஒட்டி வைக்கோல் போடுகிற சாய்ப்பு இருந்தது. அங்கே நானாகப் போய்க்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

பொழுது எனக்குத் துணியால்தான் போயிற்று. ஒன்று நனைந்து அடுத்தது மாற்றும் வரை ஒரு பொழுது. தண்ணீர் குடித்தால்தானே ஒழுகும் என்று குடிப்பதைக் குறைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒழுகுவது குறையவில்லை, எரிச்சலும் நாற்றமும்தான் கூடின.

என் வீட்டுக்காரர் கீரனூரில் டாக்டரிடம் கூட்டிப்போனார். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் டாக்டரிடம் ஆம்பிளைதான் பேசுவார். பெண் வாசலில் நிற்பாள். மருந்து வந்தது, குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மருந்து வந்தது.

கார்த்திகையில் மாமனார் ஆள் அனுப்பினார். தை பிறப்பதற்குள் எழுந்து வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக. ஆத்தா அதைக் கேட்டுவிட்டு நேரே சந்தைக்குப் போய் சவுரியம்மாவைக் கூட்டிவந்தாள்.

சவுரியம்மா ஆவூர்க்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தன் வீட்டுக்காரரைத் தொண்டையில் கட்டியோடு ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவர். அவர் பிழைக்கவில்லை. அந்த அலைச்சலில் எங்கே போகலாம், யாரைக் கேட்டால் பதில் வரும் என்பது இவருக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் நோயாளி இருக்கிற வீடுகளில் இவரைத் தேட ஆரம்பித்தார்கள். இப்போது பட்டணத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம், பேத்தி செல்வி சொல்கிறாள். அப்போது அந்த வேலைக்குப் பேர் கிடையாது.

சாய்ப்புக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்கிட்டுப் போங்க, நாறும்" என்றேன்.

"எனக்குச் சளி, மூக்கு அடைச்சுக் கெடக்கு. நீ பேசு."

சளியெல்லாம் இல்லை. குரலிலேயே தெரிந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் வீட்டுக்காரரை வரச்சொல்லிக் கேட்டார். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க தம்பி?"

அவர் மாட்டைப் பார்த்துச் சொன்னார், "வயித்து வலின்னு சொன்னேன்."

"வயித்து வலின்னீங்க, வயித்து வலிக்கு மருந்து குடுத்திருக்காரு. அவரு மேல என்ன குத்தம் இருக்கு?"

"அதை எப்படிங்க வாயால சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். அவ சொல்லுவா."

அதுதான் சவுரியம்மாவின் முறை. யாரைக் கூட்டிப்போனாலும், இன்ன இடத்தில், இன்ன நாளிலிருந்து, இப்படி என்று நோயாளியையே சொல்லிப் பழக வைப்பார். "எனக்கு வைத்தியம் தெரியாது ஆத்தா. உள்ளதைச் சொன்னாத்தான் எங்க போகணும்னு அவங்களாச்சும் சொல்லுவாங்க" என்பார்.

என் வீட்டுக்காரரோடு மூன்று பேருமாகத் திருச்சிக்குக் கிளம்பினோம். பஸ் நிற்கிற இடத்தில் சவுரியம்மா என்னைப் பழக்கினார்.

"சொல்லு."

"நீர் போகுது."

"எல்லாருக்குந்தான் போகுது. ஒனக்கு என்ன?"

"நான் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பொண்ணுக்கா."

"அந்த மரியாதையை மடியில முடிஞ்சு வை. திரும்பி வர்றப்ப அவுத்துக்கலாம்."

பஸ்ஸில் பின் சீட்டில் சாக்கை விரித்து, பழந்துணி மூட்டையோடு உட்காரவைத்தார். கண்டக்டர், "என்னம்மா, பாதி வீட்டையே கட்டிட்டு வந்துட்டீங்க?" என்றார். "மீதிப் பாதி நாளைக்கு வருது, நீங்க டிக்கெட்டைக் கிழிங்க" என்றார் சவுரியம்மா. அத்தனை மாதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வயசானவர். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்ன செய்யுது?" என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார்.

"வயித்துல..." என்று அவர் ஆரம்பித்தார்.

சவுரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க" என்றேன். "குழந்தை செத்துப் பொறந்ததுலேருந்து எனக்கு மூத்திரம் நிக்காம ஒழுகுதுங்க. கீழே, குழந்தை வர்ற வழியா ஒழுகுது. எனக்குத் தெரியாமலே ஒழுகுது."

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். டாக்டர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னிடம் கேட்டார், "எத்தனை நாள்மா வலி இருந்துச்சு?"

தன்னால் இதைச் சரிசெய்ய முடியாது என்றார். மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இதற்கு ஆபரேசன் செய்கிற டாக்டரம்மா இருக்கிறாராம். சீட்டு எழுதினார். நாங்கள் எழுந்துவிட்டோம். சவுரியம்மா மட்டும் நகரவில்லை. "அந்தம்மா இப்ப ஊர்ல இருக்காங்களாங்க? என்னைக்குப் பார்ப்பாங்க? யாரையாச்சும் கேட்டுச் சொல்லிருங்க, இந்தப் புள்ளைய ரெண்டு தடவை பஸ்ஸுல ஏத்த முடியாது." டாக்டர் டெலிபோன் போடவைத்துக் கேட்டு, டாக்டரம்மா இருக்கிறார், நேரே போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சோடா வாங்கி என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் போகவேண்டுமே என்று பயந்து நான் அதைக் குடிக்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிறப்பு வழியில் வெள்ளைப் பஞ்சை வைத்து, மூத்திரப் பைக்குள் நீல மருந்துத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். பஞ்சு நீலமாயிற்று. இதற்குப் பேர் பிஸ்டுலா (மூத்திரப் பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவில் விழுகிற ஓட்டை). "குழந்தைத் தலை ரொம்ப நேரம் அழுத்தி அந்த இடத்துச் சதை செத்துப்போச்சும்மா. நீ ஒண்ணும் செய்யல" என்றார். தண்ணீரைக் குறைத்தேன் என்றதும் தலையிலடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் நடவு வேலைக்குத் திரும்பினார். மறுநாள் சவுரியம்மாவும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பயமா இருக்குக்கா. இருங்க."

"மாத்தூர்ல ஒரு புள்ளைக்குக் கண்ணு தெரியல. அவ ஆத்தா காத்துக்கிட்டிருக்கா. நர்சு வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"பெறகு நான் எதுக்கு?"

அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை.

ஆபரேசன் முடிந்து ரப்பர் குழாய் (மூத்திரத்தை வெளியே எடுத்துவிடுவது) போட்டுப் படுக்கவைத்தார்கள். மற்ற கட்டில்களுக்குச் சொந்தக்காரர்கள் தூக்குச்சட்டியோடு வருவார்கள். என் கட்டிலுக்கு ஆள் கிடையாது. வேளாவேளைக்கு நர்சு தண்ணீர் கொடுப்பாள். ஒவ்வொரு மடக்கையும் பயந்து பயந்து விழுங்கினேன்.

குழாயை எடுத்த அன்று அசையாமல் கிடந்தேன். கையைக் கீழே விட்டுத் தடவினேன். துணி காய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் ஏதோ கனத்தது. இன்னதென்று பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது, முட்டுகிறது.

"மூத்திரம் வருதுங்க" என்று சொல்லி அழுதேன்.

"அதுக்கு ஏம்மா அழுவுறே? போ" என்றாள் நர்சு.

தை பிறக்கும் முன்னே என் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் கேட்டதற்கு, "வயித்து வலி, ஆபரேசன் பண்ணியிருக்கு" என்றார். கடைசிவரை அந்த வீட்டில் அதற்கு அந்தப் பேர்தான். நல்ல மனுஷன், எனக்கு வேறு எதிலும் குறை வைத்ததில்லை. அடுத்த பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை மறக்காமல், மாதம் நெருங்கும் முன்பே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒருத்தர் இல்லை. ஆவூரில் விசாரித்தேன். சவுரியம்மா மகள் வீட்டோடு போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள்.

அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. இன்றைக்கும் கண் விழித்ததும் என் கை முதலில் பாயைத்தான் தடவும். காய்ந்திருக்கும். அதற்குப் பிறகுதான் எனக்கு விடியும்.

இதைப் படிக்கிற பெண்ணுக்கு இப்படி இருந்தால், தண்ணீரைக் குறைக்காதே. கூட வருகிறவர் சொல்லட்டும் என்று வாசலில் நிற்காதே.

செல்வி, இங்கிட்டு வா. இதை முதலிலிருந்து வாசி. திருச்சி டாக்டரிடம் நான் சொன்ன இடம் வரும்போது குரலை இறக்காதே. அடுப்படியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.