தொண்டையில் இருந்தது பிரமை அல்ல

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கணவர் அமைச்சகத்தில் குமாஸ்தா. நான் கணக்கு டீச்சர். அந்தக் கோடையில் எனக்குச் சாப்பாடு இறங்க மறுத்தது. சப்பாத்தியைத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளுவேன். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பலமாகக் குமட்டியது. வழவழவென்று ஒரு சதை நாக்கின்மேல் ஏறி வந்து நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். இன்னொரு நாக்கு மாதிரி இருந்தது. மூச்சு முட்டவே, பயத்தில் விழுங்கினேன். உள்ளே போய்விட்டது.

கணவர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே. பித்தமா இருக்கும்," என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த இளம் டாக்டரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் தெளிவாகவே சொன்னேன். மாவு போன்ற பேரியம் மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்கு வைத்த குழாயைத் தொண்டைக்குள் விட்டும் பார்த்தார்கள். உணவுக்குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். பிறகு என்னை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"குழந்தைகள்?"

"இல்லை."

"அச்சா," என்றார், எல்லாம் விளங்கிவிட்டதுபோல.

அந்த அச்சாவை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. தூக்க மாத்திரை கொடுத்து, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். கணவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மனநல டாக்டர் மிகவும் மென்மையாகக் கேட்டார்: "பெஹன்ஜி, அந்தச் சதை உங்களிடம் ஏதாவது பேசுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்தது. கூடவே அதுவும் வந்தது, இந்த முறை உதட்டைத் தாண்டி. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கணவர் "ஐயையோ" என்று கத்தினார். எனக்கு மூச்சு இல்லை. எங்கே கடித்துவிடுவேனோ என்று வாயை மூடவும் பயம். ஒரு நர்ஸ் ஓடிவந்து என்னை முன்னால் குனிய வைத்தாள். சதை மெல்ல உள்ளே வழுக்கியது.

மூச்சு வந்ததும் சொன்னேன்: "பேசாது, டாக்டர் சாப். பாத்தீங்களா?"

அறுவை சிகிச்சை டாக்டர் பழைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலிருந்து கீழே தொங்கும் நீள நிழல் அதிலேயே இருந்தது. கழுத்துப் பக்கம் காம்பு வைத்து உணவுக்குழாய்க்குள் வளர்ந்த சதை. அதன் மேல்தோலும் குழாயின் தோலைப் போலவே இருந்ததால் உள்ளே விட்ட விளக்கு ஏமாந்துவிட்டது என்றார். பார்த்தால் புற்றுநோய் மாதிரி இல்லை, ஆனால் மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்தால் உயிர் போகும் என்றார். எனக்குக் கொடுத்திருந்தது தூக்க மாத்திரை! தூக்கத்தில் அது ஏறி வந்திருந்தால்?

கழுத்தைப் பக்கவாட்டில் திறந்து, காம்பைக் கட்டி வெட்டி எடுத்தார்கள். ஒரு சாண் நீளம். வெறும் கொழுப்பும் நாரும்தான் என்று சோதனையில் உறுதியானது.

கட்டுப் பிரிக்கும் முன்பே அந்த இளம் டாக்டர் மாணவர்களோடு என் கட்டிலுக்கு வந்தார். மிக அபூர்வமான கேஸ், நாங்கள் கண்டுபிடித்தோம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். டீச்சருக்கு ஆங்கிலம் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. கரகரத்த குரலில் ஆங்கிலத்திலேயே சொன்னேன்:

"நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை."

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் சிரித்து, "ரெஸ்ட் எடுங்க," என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் கணவர் தயங்கிக் கேட்டார்: "இன்னும் கோவமா இருக்கியா?"

"ஆமா."

"டாக்டர் மேலதானே?"

"உங்க மேலயும்தான்."

அன்று ரசம் சாதம் அவரே பிசைந்து வைத்தார். நான் ஒவ்வொரு வாயாக விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன பார்வை? உங்க தட்டப் பாத்துச் சாப்பிடுங்க," என்றேன்.