அழாத பிள்ளை

திங்கட்கிழமை விடியற்காலையில் பிள்ளையை வேறொருத்தி வீட்டில் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொள்வது இந்த ஊரில் சர்வசாதாரணம். வந்த புதிதில் இதைக் கேட்டு, இவர்களெல்லாம் தாய்தானா என்று வாய் கிழியப் பேசியவள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் மகள் பிறந்தபோது எங்களுக்குத் தேக்காவில் கடை மாடியில் ஒற்றை அறை. கணவருக்குக் கப்பல் பட்டறை, எனக்கு ஜூரோங்கில் ரேடியோ தொழிற்சாலை, ஷிப்ட் மாறி மாறி வரும். கிளமெண்டியில் இருந்த ஒரு மலாய் அம்மாளிடம் நானும் பிள்ளையைக் கொடுத்தேன். மக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அத்தை மாதிரி. பிள்ளை தூங்கும்போதே கைமாற்றிவிட்டு நழுவிவிடுவேன். எங்கள் ஊரில் அப்படித்தான். வேலைக்குக் கிளம்பும் தாய் கண்ணில் பட்டால் பிள்ளை ஏங்கிப்போகும் என்பார்கள். ஆனால் அங்கே விழித்த பிள்ளையைத் தூக்க வீடு நிறைய ஆள் இருக்கும், பொழுது சாய்வதற்குள் தாயும் வந்துவிடுவாள். அந்தப் பாதியை நான் மறந்துவிட்டேன்.

மக்சிக் வீட்டுக்கு மேல்மாடியில் மாலதி என்றொரு பெண், பல்கலைக்கழகத்தில் மனவியல் படித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைகள் யாரிடம் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பது அவளுக்குப் பாடமாம். என் மகளையும் ஒருநாள் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். "பயப்படாதீங்க அக்கா, சும்மா விளையாட்டு லா. பேபி ரூம்ல விளையாடட்டும், நீங்க வெளிய போயிட்டுத் திரும்பி வாங்க," என்றாள். எனக்கோ அது பரீட்சை. ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, அழக் கூடாது, சமர்த்தாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன். மக்சிக்கும் துணைக்கு வந்தாள்.

நான் அறையைவிட்டுப் போனேன், மகள் நிமிரவில்லை. திரும்பி வந்தேன்; ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கட்டைகளை அடுக்கினாள்.

"பாத்தியாம்மா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல! எம் பொண்ணு கெட்டிக்காரி," என்றேன்.

மாலதி தயங்கினாள். "இதுல பாஸ், ஃபெயில் இல்ல அக்கா. மக்சிக்க வச்சும் ஒரு தடவ பாக்கலாமா?"

மக்சிக் உள்ளே வந்து சற்று உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே போனாள். கதவு சாத்தியதும் பிள்ளை வீறிட்டாள். தூக்கினேன். உடம்பை விறைத்துக்கொண்டு என் கையிலிருந்து நழுவி இறங்கி, தவழ்ந்துபோய்க் கதவை அடித்தாள். மக்சிக் ஓடிவந்து அள்ளிக்கொண்டதும் அழுகை அடங்கியது. பாவம், அவளுக்கே சங்கடம். "இபு, இபு," என்று என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். மலாயில் இபு என்றால் அம்மா. பெற்றவளைப் பிள்ளைக்கு இன்னொருத்தி அறிமுகம் செய்துவைக்கிறாள். சற்றுமுன் பீற்றிக்கொண்டதை நினைத்து எனக்குக் காதெல்லாம் சுட்டது. மாலதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளையை எழுப்பியே கொண்டுபோனேன். "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்டா கண்ணு," என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மக்சிக் பழக்கியிருந்தபடி கையை அழகாக ஆட்டினாள். கதவு மூடியது. இப்போதாவது அழுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளை அழ வேண்டுமென்று காத்து நிற்கிறேனே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. லிஃப்ட் வந்தது, விட்டேன். கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் மலாய் மழலையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.