தொலைபேசிக்காக ஓடிய பிள்ளை

சேலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். காவலாளி கீழிருந்து குரல் கொடுத்ததும் மாடியிலிருந்து ஓடி வந்து எடுப்பாள். முதலில் பேச்சு வராது, மூச்சுதான் வரும். அதைக் கேட்டதும் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பேன்.

"நடந்து வான்னு எத்தன தடவ சொல்றது?"

"நடந்து வந்தா உங்களுக்குத்தான் பில்லு ஏறும்ப்பா. ஏற்காட்டுல உக்காந்துக்கிட்டு எம்மூச்ச எண்ணாதீங்க."

சிரிப்பாள். காரணத்தை அவளிடம் நான் சொன்னதில்லை.

அவள் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது ஏற்காட்டில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. நோயுற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் நிதி திரட்டி ஆபரேஷன் செய்துவைப்பார்கள். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியதால் மொழிபெயர்ப்புக்கு என்னை அழைத்தார்கள். சம்பளம் கிடையாது. விரும்பித்தான் போனேன்.

அந்த ஆண்டு புதிதாக ஒன்றைச் செய்தார்கள். வெளிநாட்டு நகரம் ஒன்றின் மண்டபத்தில் மதிய விருந்து. வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு பிள்ளையின் புகைப்படம் விழும். அதே நேரம் அந்தப் பிள்ளையின் ஊரிலிருந்து தொலைபேசிக் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். மூன்று நாட்டுப் பிள்ளைகள். யாருக்கு உதவுவது என்று விருந்தினர்கள் கை தூக்கிச் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்குத்தான் அந்த உதவி.

எங்கள் பிள்ளை கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்தைச் சேர்ந்தவள். பதினோரு வயது, என் மகளின் வயது. இதய வால்வு பழுது. ஆபரேஷன் இல்லாவிட்டால் பெரியவளாக மாட்டாள் என்று டாக்டர் எழுதியிருந்தார். தாய் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். மகளை ஓடவோ குதிக்கவோ விடமாட்டார். அந்தச் சிறுமி நடப்பதே தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோல இருக்கும்.

அன்று மதியமே இருவரும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். தாய் தொலைபேசியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாருங்க, அத்தன தொலவு எங்கொரலு போகுங்களா? காட்டுக்கு அக்கட்டால இருந்து நாங் கூப்புட்டா இவங்கப்பனுக்கே கேக்கறதில்லீங்க."

"அப்பனுக்குக் கேக்கும். கேக்காத மாதிரி இருக்கும்" என்றாள் மகள்.

நான் கேள்வி கேட்டுத் தாயைப் பழக்கினேன். மகள் படும் பாட்டை அழகாகச் சொன்னார். ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குவாள், படி ஏறினால் உதடு நீலம் பாயும் என்றார். நிறுவனத்தின் பொறுப்பாளருக்குத் திருப்தி. சமவெளியிலிருந்து வந்தவர், அடக்கமாகப் பேசுபவர், எல்லோருக்கும் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். "இதையே அப்படியே சொல்லும்மா, போதும்" என்றார்.

அங்கே மதியம் என்றால் இங்கே அந்தி. லைன் கிடைக்க இருட்டிவிட்டது. பொறுப்பாளர் விளக்கைப் போட்டார். தாய் சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதே நான் உஷாராகியிருந்தால் கூட எதுவும் மாறியிருக்காது. போன் மணி அடித்துவிட்டது.

ஒலிபெருக்கி வைத்த போன். மண்டபத்தின் பேச்சொலியும் தட்டில் கரண்டி படும் சத்தமும் எங்கள் அறைக்குள் கேட்டன. நிகழ்ச்சி நடத்தும் பெண் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"உங்க பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கறாங்க."

தாய் போனை நோக்கிக் குனிந்தார். "நல்லா இருக்கறாளுங்க. அங்க நீங்கெல்லாம் நல்லா இருக்கீங்களா? சாப்புட்டீங்களா?"

விளக்கு வைத்த நேரத்தில் பெற்ற பிள்ளைக்கு நோய் என்று அவர்கள் ஊர்ப்பக்கம் வாயால் சொல்ல மாட்டார்கள். அதுவும் முகம் தெரியாதவர்கள் நலம் கேட்கும்போது. மதியம் சொன்ன வாய் அந்தியில் சொல்லாது. நான் எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசிப்பதற்குள், மண்டபத்தில் இருந்த தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். நல்லாத்தான் இருக்காளாம், நாம சாப்பிட்டோமான்னு கேக்கறாங்க. மண்டபம் முழுதும் சிரித்தது. அன்பான சிரிப்புதான். அந்தச் சிரிப்பில் பிள்ளையின் ஆபரேஷன் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாட்டுப் பிள்ளையிடம் பேசிவிட்டுக் கடைசியாக ஒரு முறை உங்களிடம் வருகிறோம் என்றார் அந்தப் பெண். பொறுப்பாளர் எங்கள் பக்கத்துப் பேச்சு கேட்காதபடி ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு சிறுமியின் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, கேட்டுலேந்து இந்த வாசல் வரைக்கும் ஓடி வருவியா?"

கேட்டிலிருந்து அலுவலகம் நல்ல மேடு. எனக்கே நின்று நின்றுதான் ஏற வரும்.

"ஓடுனா அம்மா அடிக்கும்."

"இன்னிக்கு அடிக்க மாட்டாங்க."

"சார், வேண்டாம்" என்றேன்.

"சொன்னா அவங்களுக்குப் புரியாது சார். கேட்டாப் புரியும். நாளைக்கு இவ செத்தா நீங்க பதில் சொல்வீங்களா?"

தாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடுனா ஆபரேசன் கெடைக்குமுங்களா?"

"கெடைக்கும்மா."

"வேண்டாஞ் சாமி" என்று மகளின் கையைப் பிடித்தார். பிடித்த அதே கையை விட்டார். "போ சாமி. சாரு சொல்றாங்கல்ல."

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓடலாம் என்று அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. கேட் வரை இறங்கினாள். பனியில் பாவாடை மட்டும் தெரிந்தது. பிறகு ஓடி வந்தாள், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே. வாசலுக்கு வந்ததும் பொறுப்பாளர், "இன்னொருக்கா" என்றார். அவள் மறுக்கவில்லை. திரும்ப இறங்கினாள்.

இரண்டாவது முறை பாதி மேட்டிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

போன் எங்களுக்குத் திரும்பியது. பொறுப்பாளர் போனையே தூக்கி அவள் வாயருகே பிடித்தார். அவள் மூச்சு மட்டும் லைனில் போனது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். உதடு மதியம் தாய் சொன்ன அந்த நிறத்துக்கு வந்தது. மண்டபத்தில் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிற்று.

அதற்கிடையில் அவள் பேசினாள். "நானு... நல்லா... ஓடுனனுங்க."

மொழிபெயர்க்க வாய் திறந்தேன். பொறுப்பாளர் என் தோளை அழுத்தினார். மண்டபத்தில் இருந்த அந்த டாக்டருக்கும் அது புரிந்திருக்கும். அவரும் சொல்லவில்லை.

கைதட்டல் எழுந்தது. வெகுநேரம் ஓயவில்லை. எங்கள் பிள்ளைக்குத்தான் என்று அந்தப் பெண் அழுதுகொண்டே அறிவித்தார்.

"அம்மா... எனக்குத்தான் தட்டறாங்க" என்றாள் சிறுமி. தன் ஓட்டத்துக்கு என்று நினைத்தாள். பிறகு மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். இரண்டு வாரம் கட்டிலை விட்டு எழவில்லை.

ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். இதைச் சொல்லாவிட்டால் கதை எனக்கு வசதியாக இருக்கும். பொறுப்பாளர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அவரை நான் என்ன சொல்லித் திட்டுவது?

அடுத்த ஆண்டு ஏற்காட்டில் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் தாயையும் மகளையும் பார்த்தேன். பை நிறைய ஆரஞ்சு.

"அந்தச் சாருக்குங்க. அவரு மட்டும் ஓடச் சொல்லலீன்னா எம்புள்ள இல்லீங்க. ஊட்டுல தெனமும் அவரப் பத்தித்தான் பேச்சு. நொம்ப நல்லவருங்க."

சிறுமிக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இனி ஓடலாம், விளையாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய பஸ் எதிர்ப்பக்கத்தில் கிளம்பியது.

"பஸ்ஸு போகுது கண்ணு, ஓடு! ஓடிப் போய் நிறுத்து!" என்றேன்.

அவள் ஓடவில்லை. முதலில் என் கைகளைப் பார்த்தாள், போன் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று. பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"ஆருக்குக் கேக்கோணுமுங்க?" என்றாள்.

பஸ் வளைவில் திரும்பிவிட்டது. "கெடக்குது உடுங்க, அடுத்ததுல போய்க்கறோம்" என்று தாய் சிரித்தார். என் கையில் இரண்டு ஆரஞ்சுகளை வைத்தார்.